நோயைத் தேடிப் போனவர்கள்

எங்கள் ஊர் திருமழிசை. சென்னையிலிருந்து பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கி வருவோருக்கு, ஊரின் பெயர்ப்பலகை கண்ணில் படுவதற்குள் ஊர் கடந்து போய்விடும். அந்தச் சாலையில் மேலும் போனால் ஸ்ரீபெரும்புதூர். அதையும் தாண்டினால் காஞ்சி. திருமழிசைக்கும் காஞ்சிக்கும் உள்ள தொடர்பு நெடுஞ்சாலை போடுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முற்பட்டது. எங்கள் ஊரில் பிறந்த ஆழ்வார் காஞ்சியில் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஒரு வரலாறு வழங்குகிறது. நேயர்களில் பலர் அறிந்ததுதான். ஆயினும் என் பொருளுக்கு அது வேண்டியிருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆழ்வார் இருந்த இடத்தை நாள்தோறும் பெருக்கி மெழுகி வந்தாள் ஒரு கிழவி. அவள் பணிக்கு மகிழ்ந்த ஆழ்வார், அவள் விரும்பியவாறே இழந்த இளமையை அவளுக்கு மீட்டுக் கொடுத்தாராம். காஞ்சியை ஆண்ட பல்லவ மன்னன் அவளைக் கண்டு மணந்துகொண்டான். ஆண்டுகள் சென்றன. தனக்கு மட்டும் நரை ஏறுகிறது, மனைவிக்கு ஏறவில்லை என்பதைக் கண்ட அரசன், ஆழ்வாரின் சீடரான கணிகண்ணரை அழைத்துத் தனக்கும் இளமையை வாங்கித் தருமாறு பணித்தான். அவர் மறுத்தார். நாட்டைவிட்டுப் போ என்றான் அரசன். சீடர் கிளம்ப, குருவும் கிளம்ப, குருவின் சொல்லைக் கேட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பது வரலாறு.

சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்கும் பெருமாள்தான் என் மனத்தில் நின்றார். வயது ஏறிய பிறகு அந்த அரசனே என் நினைவில் அடிக்கடி வருகிறான். போனதைத் திரும்பக் கொடு என்று கேட்கிறவன் அவன். நம்மில் பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதும் அப்படியேதான். உடம்பு உடம்பாக இருக்கும்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. போன பிறகு, கொடு என்று கேட்கிறோம்.

எங்கள் வீட்டில் ஓர் அத்தை இருந்தார். என் தகப்பனாரின் மூத்த சகோதரி. இளமையிலேயே கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவர். எங்களை வளர்த்தவர் அவரே. 1970-களின் நடுவில் ஒரு நாள் என் தாயார் தற்செயலாகப் பார்த்தார்: அத்தையின் மார்பில் ஒரு புண். அதை அவர் முந்தானையாலும், மஞ்சள் தடவிய பழந்துணியாலும் மறைத்து வைத்திருந்தார். பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டு போனோம். பூந்தமல்லியில் பஸ் மாறிப் போகும் வழியெல்லாம், செலவு வைத்துவிட்டேனே என்று ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, எப்போது முதன்முதலில் கட்டி தெரிந்தது என்று கேட்டார். இரண்டு பொங்கலுக்கு முன்னால் என்றார் அத்தை. அப்போது கொட்டைப்பாக்கு அளவுதான் இருந்தது, வலிக்கவில்லை, வலிக்காததை எப்படிச் சொல்வது என்றார். டாக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த பொங்கலுக்கு அத்தை இல்லை.

வலிக்காததை எப்படிச் சொல்வது என்ற அந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல முற்படுகிறேன். அந்த வரலாற்றின் பெரும்பகுதி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

அதன் தொடக்கத்திலும் ஒரு குடும்பத் துயரமே இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தமிழர்கள் அறிவார்கள். தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவர், அவ்வை இல்லத்தை நிறுவியவர் என்று அவர் புகழைப் பலவாறு பேசுவோம். 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை குடலின் கடைப்பகுதியில் தோன்றிய புற்றுநோயால் மாண்டார். அந்த நோயை முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே எண்ணி மருந்து கொடுத்து வந்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அக்காள் டாக்டராக இருந்தும் தங்கைக்கு நேர்ந்தது இது. அந்த நினைவு முத்துலட்சுமி அம்மையாரை முப்பது ஆண்டுகள் விடவில்லை.

புற்றுநோய்க்கென்று ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர் கேட்டபோது, அந்த நோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் ஆட்சியில் இருந்தோரிடமும் இருந்தது. மாதர் இந்திய சங்கத்தின் ஆதரவில் வீடுவீடாகப் பணம் திரட்டினார். 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை தன் வேலையைத் தொடங்கியது. படுக்கைகள் பன்னிரண்டு. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைத் தாங்கி நின்றார்கள். அரசாங்க மருத்துவமனையில் கிடைத்த நல்ல பதவியை வேண்டாமென்று விட்டு அந்தச் சிறு கட்டடத்துக்கு வந்தவர் சாந்தா. 2021 ஜனவரியில் காலமாகும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடாக இருந்தது.

அந்த மருத்துவமனைக்கு வந்தவர்கள் யார்? என் அத்தையைப் போன்றவர்கள். முற்றிய நிலையில், கடைசி வாசலாக எண்ணி வந்தவர்கள். எத்தனை நல்ல கருவியும் அவர்களுக்கு ஓரளவுக்கு மேல் உதவ முடியாது. ஆகவே நோயாளி வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை, நாம் போக வேண்டும் என்று அங்கிருந்தவர்கள் முடிவு செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அடையாற்று மருத்துவர்கள் புற்றுநோய்க் கணக்கெடுப்புக்காகப் புறப்பட்டுச் சென்ற இடம் எது தெரியுமா? காஞ்சிபுரம்.

நலமாக இருப்பவரைத் தேடிப்போய், வராத நோயைத் தேடுவது என்பது அப்போது உலகத்துக்கே புதிய எண்ணம். இங்கே நான் சற்றுக் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது. கிரேக்க நாட்டில் 1883-இல் பிறந்தவர் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். 1913-இல் மனைவியுடன் நியூயார்க் வந்து இறங்கியபோது கையில் காசில்லை. டாக்டர் பட்டம் பெற்றவர் ஒரு கடையில் கம்பளம் விற்றார். மனைவி மேரி அதே கடையில் பொத்தான் தைத்தார். பிறகு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கினிப்பன்றியின் உடலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, மனித உடலிலும் அப்படிப் பார்க்கலாமே என்று தோன்றியது. யாரைக் கேட்பது? மேரி அம்மையார் முன்வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தம் உடலையே தினந்தோறும் சோதனைக்குக் கொடுத்தார். பதிவியல் என்ன, பெயரும் பட்டமும் என்ன, அந்த அம்மாளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கணவரின் பெயரால் பாப் சோதனை என்று உலகம் அழைப்பதில் பாதி மேரியுடையது என்பது என் கருத்து.

கருப்பைவாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கொண்டே புற்றுநோயை அறியலாம் என்று 1928-இல் அவர் சொன்னபோது கேட்பாரில்லை. 1941-இலும் 1943-இலும் வெளியிட்ட ஆராய்ச்சிகளுக்குப் பின்னரே மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அதனால் தெரிய வந்த உண்மை பெரிது. கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒரே நாளில் வந்து விழுவதன்று. உயிரணுக்கள் மெல்ல மெல்ல மாறிப் புற்றாக முற்றுவதற்குப் பல ஆண்டுகள், சில வேளைகளில் பத்தாண்டுகளுக்கும் மேல் ஆகின்றன. அந்த இடைக்காலத்தில் வலி கிடையாது. வேறு அறிகுறியும் பெரும்பாலும் கிடையாது. ஆனால் தேடிப் பார்ப்பவருக்கு அது தெரியும். தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். என் அத்தையின் கேள்விக்கு இதுவே விடை. வலிக்காததைச் சொல்ல முடியாது, பார்க்க முடியும்.

இனி 1968-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். இந்த வரலாற்றின் பல இழைகள் அந்த ஓர் ஆண்டில் வந்து கூடுகின்றன. அந்த ஜூலையில் முத்துலட்சுமி ரெட்டி மறைந்தார். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய சிறு நூல் ஒன்றை வெளியிட்டது. எந்த நோயை இவ்வாறு முன்கூட்டித் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்பதற்குப் பத்து விதிகளை அவர்கள் வகுத்தார்கள். நோய் மக்களைப் பெரிதும் வருத்துவதாக இருக்க வேண்டும். வெளிப்படாத தொடக்க நிலை அதற்கு இருக்க வேண்டும். சோதனை மக்கள் ஏற்கக்கூடியதாக இருக்க வேண்டும். கண்டுபிடித்தால் கொடுக்க மருந்து இருக்க வேண்டும். ஒரு தடவை செய்து முடித்துவிடாமல் தொடர்ந்து செய்ய வேண்டும். இன்றைக்கும் உலகெங்கும் அவற்றைக் கொண்டே எடை போடுகிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் தமிழகத்தின் முதலமைச்சர் அண்ணா நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக ரண சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்தார், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட்ட விழாவில் 1968 டிசம்பரில் கலந்துகொண்டார், 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அடையாற்று மருத்துவமனையில் காலமானார். வயது 59. அவர் பிறந்த காஞ்சியின் அருகே காரப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. அண்ணாவின் நோய் வகைக்கு எல்லோரையும் அழைத்துச் செய்யத்தக்க எளிய முன்சோதனை எதுவும் அன்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர் மறைவு புற்றுநோய் என்ற சொல்லை ஒவ்வொரு தமிழ் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவரை அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தியே சொல்லி வந்தோம். அச்சமும் அதனோடு சேர்ந்தே வந்தது. இத்தனை பெரியவரைக் காப்பாற்ற முடியவில்லை என்றால் நம்மையா காப்பாற்றப் போகிறார்கள் என்று எங்கள் ஊர்த் திண்ணையில் பேசியது என் காதில் இன்னும் ஒலிக்கிறது. அத்தையும் அந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்.

பாப் சோதனையில் ஒரு சங்கடம் உண்டு. தகட்டில் எடுத்ததை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பயின்றவர் பார்க்க வேண்டும். முடிவு வந்தபின் பெண்ணை மறுபடி அழைக்க வேண்டும். களத்துமேட்டில் கூலி வேலை செய்பவள் எத்தனை முறை வருவாள்? இந்தச் சங்கடத்தைத் தீர்த்த முயற்சிகளில் தலையாயது ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் நடந்தது. கருவி என்ன தெரியுமா? காடி. ஊறுகாய்க்கு ஊற்றுகிறோமே, அதே இனத்துப் புளிப்பு நீர். நீர்த்த காடியைக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால், மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியே பார்த்துச் சொல்லிவிடலாம். தேவையானால் அன்றே அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம்.

டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய இந்த ஆராய்ச்சியில் 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்டோர் 49,311 பேர்; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்டோர் 30,958 பேர். முடிவு 2007-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரே ஒரு முறை சோதனைக்கு அழைத்ததிலேயே அந்நோய் காண்பது நான்கில் ஒரு பங்கும், அதனால் இறப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்திருந்தன. உலகத்து ஏழை நாடுகள் பலவும் இந்த முறையை நம்பிக் கைக்கொள்வதற்கு நம் அம்பிளிக்கைப் பெண்கள் ஒரு காரணம். அழைக்கப்பட்ட நூறு பேரில் ஏறத்தாழ அறுபத்து நான்கு பேர் வந்தார்கள் என்பதே எனக்கு இதில் பெரிய செய்தி. மிச்சம் முப்பத்தாறு பேர் வரவில்லை. வாசலுக்கே வந்து அழைத்தும் வரவில்லை.

இதற்கு இரண்டாண்டு முன்பே, 2005-இல், திருவனந்தபுரத்தில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியின் முடிவும் வெளியாகியிருந்தது. அங்கே கருவிகூட இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்ப்பதுதான் சோதனை. வெள்ளைப் படலம், செம்படலம், ஆறாத புண் எதுவும் உண்டா என்று பார்த்தார்கள். புகையிலையும் மதுவும் பழகியவர்களிடையே வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் அந்தப் பார்வையினாலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இப்படிச் சொல்வதால் எல்லாச் சோதனையும் எல்லோருக்கும் நல்லது என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. தலை முதல் கால் வரை ஒரே கட்டணத்தில் பார்த்துத் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. தென்கொரியாவில் நடந்ததைக் கேளுங்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியை ஒலியலைக் கருவியால் பார்க்கும் பழக்கம் அங்கே பரவியது. 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு புற்றுநோய் என்று கண்டவர் தொகை பதினைந்து மடங்காயிற்று. இறப்பவர் தொகையோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுதும் தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள். வில்சனும் யுங்னரும் விதி வகுத்தது இதற்காகத்தான். கருப்பைவாய், மார்பு, வாய் இந்த மூன்றும் நம் நாட்டில் தேடத்தக்கவை என்று கற்றவர்கள் பொறுக்கிச் சொல்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவற்றோடு பார்க்கத்தக்கவை. இவற்றுக்குக் காசும் அதிகம் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசு 2007-இல் தேனியிலும் தஞ்சாவூரிலும் கருப்பைவாய்ச் சோதனையை முதலில் நடத்திப் பார்த்தது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரித்தது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். 1981-இல் அடையாற்றில் நிறுவிய சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டில், ஒரு காலத்தில் பெண்களிடையே முதலிடத்தில் நின்ற கருப்பைவாய்ப் புற்றுநோய் படிப்படியாகக் குறைந்து, அந்த இடத்தை மார்புப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. ஆயினும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் கருப்பைவாய்ச் சோதனை எப்போதேனும் செய்துகொண்டவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர். நாட்டின் மற்றப் பகுதிகளைப் பார்க்க நாம் எவ்வளவோ மேல் என்று மார்தட்டிக்கொள்ளலாம். மிச்சம் தொண்ணூறு பேர் என் அத்தையைப் போல முந்தானைக்குள்ளே எதையேனும் மறைத்து வைத்திருக்கிறார்களோ என்று அஞ்சுவதே எனக்கு இயல்பாக இருக்கிறது.

நாணம் என்று இதற்குப் பெயர் சொல்லி விடுகிறோம். முழுவதும் நாணமன்று. வீட்டுப் பெண்ணின் உடம்பு வீட்டாரின் செலவுக் கணக்கில் கடைசி வரியில் இருப்பதும் காரணம். அத்தை பஸ்ஸில் புலம்பியது நோயைப் பற்றியா? செலவைப் பற்றி.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என் மகளை நானே அழைத்துக்கொண்டு போனேன். நாற்பதைக் கடந்தவள். எனக்கு ஒன்றுமில்லையே அப்பா என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒன்றுமில்லாதபோதுதான் போக வேண்டும் என்றேன். அத்தையின் கதை அவளுக்குத் தெரியும். அதை நான் மறுபடி சொல்லவில்லை. உள்ளே போனவள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகையை ஒரு பக்கம் புரட்டுவதற்குள் வந்துவிட்டாள். இவ்வளவுதானா என்றாள். ஒன்றுமில்லை, சில ஆண்டு கழித்து மறுபடி வர வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கிளம்பலாம் என்று எழுந்தேன். நர்ஸம்மா என்னை விடவில்லை. ஐயா வெற்றிலை போடுகிறவரா என்று கேட்டார். பல் கறையைப் பார்த்திருப்பார் போலும். புகையிலையும் சேர்த்துத்தான் என்று ஒப்புக்கொண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்று சொல்லி, கையில் சிறு விளக்கை எடுத்துக்கொண்டார். என் மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபது வயதில் முதல் தடவையாக ஒருவர் கேட்டுக்கொண்டபடி, வலி எதுவும் இல்லாமலே, வாயைத் திறந்தேன்.